நிறம் கொஞ்சம் மட்டு

"இதில என்னா எழுதி ஈக்கிண்டு பாத்து செல்லு லாபிர்" என்று றம்லத் அந்தச் சின்ன டியூபைத் தம்பியின் கையில் கொடுத்தாள்.

லாபிர் கதிரையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர். றம்லத்தின் மகன் தாஸிம் கட்டாருக்கு வேலைக்குப் போன பிறகு, அலவத்துகொடையில் இருந்த இந்த வீட்டில் ஏதாவது தீர்மானிக்க வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். டியூபோடு வந்த மெல்லிய தாளை விரித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, புரியாத சொற்களைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்தார்.

தாஸிமின் மனைவி மஸீனா குசினி வாசலில் நின்றாள். அவளுடைய ஒன்றரை வயது மகள் நுஹா, தாஸிமின் தங்கை றிஸானாவின் மடியில் இருந்தது. சொறியாமல் இருக்கக் குழந்தையின் கைகளில் சொக்ஸ் மாட்டியிருந்தார்கள். கையால் முடியாததைக் கன்னத்தால் செய்துகொண்டிருந்தது குழந்தை. றிஸானாவின் தோளில் முகத்தை வைத்துத் தேய்த்துத் தேய்த்து, சட்டையில் ஈரக் கறை விழுந்திருந்தது.

"ஸ்டீரொயிட் ராத்தா" என்றார் லாபிர் அக்காவிடம்.

அந்தச் சொல்லை அந்த வீட்டுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. றம்லத் திரும்பி மருமகளின் முகத்தைப் பார்த்தாள். றிஸானாவும் பார்த்தாள். லாபிர் மட்டும் மரியாதைக்காகத் தாளிலேயே கண்ணை வைத்திருந்தார்.

"எண்ட பேத்திட தோலையும் ஒண்ட மொகத்தப் போல ஆக்கப் போறியா?"

சொல்ல வேண்டிய பதில் ஒன்றுதான் இருந்தது. அதை அந்த வீட்டில் இருந்த எல்லோரும் அறிவார்கள். அறிந்திருந்ததால்தான் அதை யாராலும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருந்தது.

நான்கு வருடங்களுக்கு முன் நாவலப்பிட்டிக்குப் பெண் பார்க்கப் போன றம்லத்துக்கு மஸீனாவைப் பிடித்திருந்தது. அடக்கமான பெண், படித்த பெண், நல்ல குடும்பம். தரகர் மூலம் சொல்லியனுப்பிய செய்தியில் ஒரு குறைதான் இருந்தது: புள்ளைக்கு நிறம் கொஞ்சம் மட்டு. அதற்கும் றம்லத்தே வழி சொன்னாள். கண்டியில் ஒரு ஃபேன்சி கடையில் பின்பக்கம் வைத்து விற்கும் வெள்ளை டப்பா ஒன்றை வாங்கி அனுப்பினாள். டப்பாவின் மேல் பெயரும் இல்லை, உள்ளே இருப்பது என்ன என்றும் எழுதியிருக்கவில்லை. இரவில் பூசிக்கொண்டு படுத்தால் கலியாணத்துக்கு முன் முகம் தெளிந்துவிடும் என்றாள். மஸீனாவின் உம்மாவுக்கு அது அவமானமாகப் படவில்லை. பெண்ணை வேண்டாம் என்று சொல்லாமல் கிரீம் அனுப்பிய சம்பந்தியை நல்ல மனுஷி என்றே நினைத்தாள்.

முகம் தெளிந்தது. கலியாணத்தன்று மணப்பெண்ணைப் பார்த்தவர்கள் எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். தாஸிமும் அவளைப் பார்த்து மகிழ்ந்தான். டப்பா தீரத் தீர றம்லத் புதிது வாங்கி வந்தாள். பிறகு மெல்ல மெல்லக் கன்னத் தோல் வெங்காயச் சருகைப் போல மெலிந்தது. உள்ளே சிவப்பு நரம்புகள் தெரிந்தன. பருக்கள் கிளம்பின, தாடையில் மயிர் முளைத்தது. பூசுவதை நிறுத்திப் பார்த்தால் முகம் நெருப்பில் காட்டியதுபோல் எரிந்தது. அடுப்புக்கு முன்னால் நிற்க முடியவில்லை, வெயிலில் இறங்க முடியவில்லை. கண்டியில் தோல் டொக்டரிடம் காட்டியபோது அவர்தான் அந்தச் சொல்லை முதன்முதலில் சொன்னார். டப்பாவுக்குள் வலுவான ஸ்டீரொயிட் கலந்திருக்கிறது, இதை முகத்தில் மாதக்கணக்காகப் பூசுவதா என்று கோபப்பட்டார். றம்லத் அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசாமல் வந்தாள். மறுநாள் பக்கத்து வீட்டுப் பாயிஸாவிடம், மருமகள் அளவு தெரியாமல் அள்ளிப் பூசிக்கொண்டாள் என்று சொன்னாள்.

கொரோனாக் காலம் மஸீனாவுக்கு நிம்மதியாக இருந்தது. ஊரே மாஸ்க் போட்டிருந்தது. ஊர் அதைக் கழற்றிய பிறகும் அவள் கழற்றவில்லை.

நுஹாவுக்கு முழங்கால் மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் கன்னத்திலும் சிவந்து தடித்துச் சொறிய ஆரம்பித்தபோது, முதலில் வேர்க்குரு என்றார்கள், பிறகு பல் முளைக்கிற சூடு என்றார்கள். பிள்ளை தூங்காமல் அழுவது நிற்காததால், மஸீனா ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போனாள். அங்கிருந்த பெண் டொக்டர் சிங்களத்தில் சொன்னதை, ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்யும் ஒரு தாதி தமிழில் எடுத்துச் சொன்னாள். இது கரப்பான், தொற்று வியாதி இல்லை, வறண்ட தோலில் வருவது. குளித்ததும் ஈரம் காயுமுன் வெள்ளைக் களிம்பை உடம்பெல்லாம் பூச வேண்டும். சிவந்த இடத்தில் மட்டும் இந்தக் கிரீமை மெல்லிசாகப் பூச வேண்டும். அந்த வருடம் நாடு முழுக்க மருந்துத் தட்டுப்பாடு. வெளியே பாமஸியில் வாங்கும்படி துண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

இது என்ன கிரீம் என்று மஸீனா கேட்டாள். தாதி சொன்னாள். மஸீனா மாஸ்க்கை இறக்கித் தன் முகத்தைக் காட்டி, அந்தப் பேரில்லாத வெள்ளை டப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

தாதி கிட்ட வந்து அந்த முகத்தைப் பார்த்தாள். டொக்டரிடம் ஏதோ சொல்லிவிட்டு மறுபடி அவள் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்குப் பூசக் குடுத்தது பேரில்லாத டப்பாங்க. அதுல எவ்வளவு வலுவானத போட்டாங்களோ, யாருக்குத் தெரியும். இது லேசான மருந்து. டொக்டர் சொன்ன எடத்துல, சொன்ன நாளைக்கு மட்டும் பூசுங்க. பூசாம விட்டாத்தான் புள்ளைக்குக் கஷ்டம்."

மஸீனா தலையாட்டினாள். மருந்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். ஆனால் வீட்டுக்கு வந்து டியூபைத் திறந்து, பட்டாணி அளவு விரல் நுனியில் எடுத்து, குழந்தையின் கன்னத்தருகே கொண்டுபோனபோது அவளுடைய விரல் பாதியில் நின்றது. அந்த வெள்ளை, அந்த வழுவழுப்பு, அது தோலுக்குள் இறங்கி மறைகிற விதம் எல்லாமே அவளுக்குப் பழக்கமானவை. தன் கையால் தன் முகத்துக்குச் செய்ததை இப்போது மகளுக்குச் செய்கிறேனா என்று நினைத்தாள். விரலைத் தன் சட்டையில் துடைத்துவிட்டு, டியூபைக் குழந்தையின் உடுப்புகளுக்கு அடியில் வைத்தாள். வெள்ளைக் களிம்பை மட்டும் பூசினாள்.

அப்படி ஒளித்து வைத்ததைத்தான் றம்லத் கண்டெடுத்தாள். ஒளித்திருந்ததே குற்றமாகிவிட்டது.

லாபிர் தாளை மடித்தார். தோல் மெலியும் என்று இதிலேயே எழுதியிருக்கிறது, டொக்டர்மாருக்கு எழுதிக் கொடுத்தால் முடிந்தது, அனுபவிப்பது நாம்தான் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கண்முன்னால் ஒரு முகம் கெட்டதைப் பார்த்தவர். அன்று மாலையே தாஸிமுக்குச் செய்தி போனது. அவனுடைய குரல் வாட்ஸ்அப்பில் வந்தது. பின்னால் வேலைத்தளத்தின் இரைச்சல் கேட்டது.

"மஸீனா, உம்மா செல்றத கேளுங்க. ஒங்களுக்கு நடந்தத நாம பாத்தோம் தானே. பொம்புளப் புள்ள. நாளைக்கு யாரும் வந்து பாக்கக்குள்ள நாம என்னா செல்ற?"

மஸீனா அதை இரண்டாம் முறை கேட்கவில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளையைப் பார்க்க வரப்போகிறவர்கள் இப்போதே அந்த வீட்டு முன்கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது போல இருந்தது.

டியூபை றம்லத் தன் அலுமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டாமல் விட்டாள். மருந்தை எறிவது அவளுக்குப் பழக்கமில்லை. மறுநாள் நாட்டுவைத்தியம் பார்க்கும் வெதமாத்தயாவிடம் போய் ஒரு போத்தல் பச்சை எண்ணெய் வாங்கி வந்தாள். காலையிலும் மாலையிலும் பேத்தியை மடியில் போட்டு, ஸலவாத்து ஓதிக்கொண்டே தேய்த்துவிட்டாள். எண்ணெய் வெடிப்புகளில் இறங்கியபோது குழந்தை வீறிட்டது. றம்லத்தும் கண்ணீர் விட்டபடிதான் தேய்த்தாள். நுஹா அவளுக்கு உயிர். இடுப்பிலிருந்து இறக்காமல் பகல் முழுவதும் நடப்பவள். முட்டை கரப்பான், மீன் கரப்பான், தக்காளி ஆகாது, பசும்பால் கூடாது என்று ஒவ்வொன்றாக நிறுத்தினாள். குழந்தையின் தொடைகள் சூம்பின. சோறும் பருப்புத் தண்ணீரும் தின்று அலுத்துப்போய், வாயைத் திருப்பிக்கொள்ளத் தொடங்கியது.

குழந்தை சொறிந்து சொறிந்து மடிப்புகளில் இரத்தம் கசிந்த ஒரு பகலில், மாமியார் லுஹர் தொழுகைக்குத் தக்பீர் கட்டிய பிறகு மஸீனா அலுமாரியைத் திறந்தாள். பயம் போய்விட்டதால் அல்ல. பயத்தைவிடக் குழந்தையின் அழுகை பெரிதாகிவிட்டது. தாதி சொன்ன அளவை நினைத்துக்கொண்டு, சிவந்த இடத்தில் மட்டும், மெல்லிசாகப் பூசினாள். டியூபை இருந்த இடத்திலேயே வைத்தாள். அடுத்த நாளும் அப்படியே செய்தாள். அன்று றிஸானா அறைக்குள் வந்துவிட்டாள். பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் வாசலில் போய் நின்று, உம்மா தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

சில நாட்களில் சிவப்பு வாடியது. தடிப்பு இறங்கியது. நுஹா பகலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தது. இத்தனை மாதத் தூக்கமும் ஒன்றாக வந்தது போல் இருந்தது. மஸீனா அதன் முழங்கால் மடிப்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். தோல் மெலியவில்லை. நரம்பு தெரியவில்லை. குழந்தையின் தோல் குழந்தையின் தோலாக இருந்தது.

றம்லத்தின் சந்தோஷத்துக்கு அளவில்லை. பாயிஸாவைக் கூப்பிட்டுக் குழந்தையின் கையைக் காட்டினாள். டொக்டர்மார் ஸ்டீரொயிட்டைப் பூசிக் கெடுக்கப் பார்த்த பிள்ளையை வெதமாத்தயாவின் எண்ணெய் காப்பாற்றியது என்றாள். பாயிஸா தன் பேரனுக்குக் கொஞ்சம் ஊற்றித் தரக் கேட்டாள். றம்லத் ஊற்றிக் கொடுத்தாள். மஸீனா பக்கத்தில் தேத்தண்ணீர்க் கோப்பைகளோடு நின்றாள். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். சொன்னால் டியூப் போய்விடும். சொல்லாவிட்டால் பாயிஸாவின் பேரனுக்கு எண்ணெய் போகும். அவள் தேத்தண்ணீரைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

டியூப் சப்பையானதை றம்லத் ஒரு வெள்ளிக்கிழமை கண்டாள். மஸீனா மறைக்கவில்லை. நான்தான் பூசினேன், அதனால்தான் சுகமானது என்றாள். இதைச் சொன்னால் மாமி யோசித்துப் பார்ப்பார் என்று ஒரு நம்பிக்கை அவளுக்கு இருந்தது. றம்லத் யோசிக்கவில்லை. குசினிக்குப் போய், விறகடுப்பில் எரிந்துகொண்டிருந்த நெருப்பில் டியூபைப் போட்டாள். பிறகு மகனுக்கு அழைத்து, உன் பெண்டாட்டி என்னை ஏமாற்றி உன் பிள்ளைக்கு விஷம் பூசியிருக்கிறாள் என்று அழுதாள். தாஸிம் அதற்குப் பிறகு ஒரு வாரம் மஸீனாவோடு பேசவில்லை.

கரப்பான் திரும்ப வரும் வியாதி. திரும்ப வந்தது. வந்தபோது அதற்குக் காரணமும் தயாராக இருந்தது. நன்றாகிக்கொண்டிருந்த பிள்ளையைக் கிரீம் கெடுத்துவிட்டது என்றாள் றம்லத். லாபிரும் அப்படித்தான் படித்திருப்பதாகச் சொன்னார். மஸீனாவின் கையில் புதிதாக ஒரு டியூப் வாங்க வழி இல்லை. கிளினிக்குக்குத் தனியாகப் போகக் கூடாது என்று கட்டாரிலிருந்து சொல்லப்பட்டிருந்தது. பச்சை எண்ணெய் இரட்டிப்பாக ஊறியது. மடிப்புகளில் நீர் வடிந்தது, பிறகு தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியது, பிறகு நாற்றம் எடுத்தது. ஒரு காலையில் குழந்தை அழவில்லை. தொட்டுப் பார்த்தபோது உடம்பு கொதித்தது.

லாபிர் ஓட்டிய வானில் கண்டிக்குக் கொண்டுபோனார்கள். வார்டில் சேர்த்துக் கையில் ஊசி வைத்து மருந்து ஏற்றினார்கள். கிருமி இரத்தத்தில் இறங்கியிருக்கலாம் என்றார்கள். இளம் டொக்டர் ஒருவர் பழைய கிளினிக் விவரத்தைப் பார்த்துவிட்டு, எழுதிக் கொடுத்த கிரீமை ஏன் பூசவில்லை என்று கேட்டார். மஸீனா வாயைத் திறப்பதற்குள் றம்லத் முந்திக்கொண்டாள்.

"தாய்க்குத்தான் பயம் டொக்டர். அவட மொகத்தப் பாருங்களே. அந்தப் பயத்தில பூசல்ல."

டொக்டர் மஸீனாவைப் பார்த்தார். படித்த பெண்ணாகத் தெரிகிறாய், உன் பயத்தால் பிள்ளை சாகப் பார்த்தது என்று சிங்களம் கலந்த தமிழில் ஏசினார். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை என்பதுதான் அவளை வாயடைக்க வைத்தது. முதல் நாட்களில் டியூபை உடுப்புக்கடியில் வைத்தவள் அவள்தான்.

காய்ச்சல் இறங்க நாள் பிடித்தது. இறங்கியதும் தாதிமார் அதே கிரீமைப் பூசினார்கள். றம்லத் அதைத் தடுக்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர்களை எதிர்த்துப் பேச அவளுக்குத் துணிவில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம், பெரியாஸ்பத்திரியில் தருவது வேறு மருந்து என்று மெதுவாகச் சொன்னாள். நுஹா மெல்ல மெல்லச் சிரிக்க ஆரம்பித்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் கொடுத்த அவித்த முட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தது.

அந்த நாட்களில்தான் றிஸானாவுக்குக் கம்பளையிலிருந்து ஒரு கலியாணப் பேச்சு வந்தது. றிஸானாவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு முன் வந்த இரண்டு இடங்கள் பார்த்துவிட்டுப் போய்ப் பதில் சொல்லவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. றிஸானா மஸீனாவைவிட இரண்டு படி கறுப்பு. கம்பளைக்காரர்களுக்குப் போட்டோ அனுப்பியிருந்தார்கள். புள்ளைட நிறம் போட்டோவில் வெளங்கவில்லை, நேரில் வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்திருந்தது.

குழந்தைக்கு மாற்று உடுப்பு எடுப்பதற்காக, நாவலப்பிட்டியிலிருந்து வந்த தன் உம்மாவை வார்டில் உட்கார வைத்துவிட்டு, மஸீனா ஒரு பகல் அலவத்துகொடைக்குப் போனாள். வீட்டில் சத்தம் இல்லை. உள்ளறையில் றிஸானா அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் தலைமுடியைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் றம்லத் நின்றாள். மேசையில் ஒரு டப்பா திறந்திருந்தது. மஸீனாவுக்கு வாசனையே போதுமாக இருந்தது.

றம்லத் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டாள். பிறகு சமாளித்துக்கொண்டாள். இது அந்த மாதிரி இல்லை, வேறு கடையில் வாங்கியது, இதில் எல்லாம் பூவும் பழச்சாறும்தானாம், ஸ்டீரொயிட் துளியும் இல்லையாம் என்றாள். கேட்காத கேள்விக்கு இவ்வளவு பதில் சொன்ன பிறகு அவளுக்கே கை என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டிலில் கிடந்த பேத்தியின் சட்டைகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"மாமி, வாணாம்" என்றாள் மஸீனா. அந்த வீட்டுக்கு வந்து அவள் மாமியாரை மறுத்துச் சொன்ன முதல் சொல் அது. குரல் அவளுக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக இருந்தது.

றம்லத் திரும்பவில்லை.

மஸீனா ஜன்னலுக்குப் போய் அதைத் திறந்தாள். உச்சிவெயில் அறைக்குள் விழுந்தது. அவள் மாஸ்க்கைக் கழற்றினாள். வெயில் பட்டதும் கன்னம் எரியத் தொடங்கியது. அப்படியே வந்து றிஸானாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். சிவப்பு நரம்புகள், பருக்கள், தாடையில் சிரைத்து மறுபடி முளைத்திருந்த மயிர் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு இருந்தாள்.

"பாருங்க றிஸானா. நல்லாப் பாருங்க."

றிஸானா பார்த்தாள். கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவள் விரலில் எடுத்திருந்த கிரீம் உருகத் தொடங்கியிருந்தது. இந்த வீட்டில் தனக்காக வாசலில் காவல் நின்ற ஒரே ஆள் இவள் என்பது மஸீனாவுக்கு நினைவு வந்தது.

"ஒவ்வொரு நாளும் பாக்கிற தானே மதினி" என்றாள் றிஸானா. அவள் குரலில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. "ஆனா ஒங்கள கலியாணம் முடிச்சிக் கொண்டு வந்தாங்களே."

சொல்லிவிட்டுக் கண்ணாடியின் பக்கம் திரும்பினாள். முதலில் நெற்றியில் வைத்தாள், பிறகு இரண்டு கன்னங்களிலும்.

மஸீனா எழுந்து, மாமியார் மடித்து வைத்திருந்த சட்டைகளைப் பையில் போட்டாள். றம்லத் குழந்தை சாப்பிட்டதா என்று கேட்டாள். சாப்பிட்டது என்றாள்.

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்காகப் பாதைக்கு இறங்கியபோது, பின்னால் ஜன்னல் மூடப்படும் சத்தம் கேட்டது. பூசியவர்கள் வெயில் படாமல் இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் அந்தக் கடையில் அந்த டப்பாவை விற்றிருந்தார்கள்.